எண்ணெய் வைக்கிற தலைக்கெல்லாம் ஓட்டு

எங்கள் குடும்பத்துக்குத் தீபாவளி, தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க விடுமுறை வியாழனுக்கு மறுநாள் வரும். பெரும்பாலும் அது நவம்பரின் நான்காவது வெள்ளிக்கிழமை. மாதம் வெள்ளிக்கிழமையில் பிறந்தால் மட்டும் ஐந்தாவது. உண்மையான தீபாவளியன்று பிள்ளைகளுக்குப் பள்ளி, எங்களுக்கு அலுவலகம். அதனால் ஊரே தள்ளுபடிக் கடைகளுக்கு ஓடும் அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அண்ணன் தம்பிகள் மூவர். மூத்தவர் என் கணவர். நாங்கள் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில். நடுத்தம்பி டெக்ஸாஸில், மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக. கடைசித்தம்பி கலிபோர்னியாவின் குபெர்டினோவில், மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத எதுவும் இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

எட்டு வருடங்களாக இந்தத் தீபாவளி குபெர்டினோவில்தான் நடந்தது. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. அங்கே வீடு பெரியது, வெயில் உண்டு, கொல்லையில் இடம் உண்டு. முதல் வருடம் போனோம், மறு வருடமும் போனோம், அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எந்த வருடம் யார் எந்த விமானத்தில் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், எந்த வருடம் மழை என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. இந்தியக் கடையில் கொடுக்கும் காலண்டரில் அன்றன்றைய கட்டத்தில் ஒரு வரி எழுதுவது என் பழக்கம். குடும்பத்தில் யாருக்காவது தேதி மறந்தால் எனக்குத்தான் போன் வரும். "அண்ணி, நாம யோஸமிட்டி போனது எப்போ?" என்பார்கள். சொல்வேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

அந்த எட்டு வருடமும் அவர்கள் வீட்டில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தது கடைசித்தம்பியின் மனைவி.

எங்கள் மாமியார் வீட்டு வழக்கம் இது: பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். வீட்டுப் பெண், வெற்றிலையும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை மூன்று முறை உச்சியில் வைத்து அழுத்தித் தேய்ப்பாள். அதன் பிறகுதான் குளியல். வயதில் மூத்த பெண் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில், யார் வீட்டில் பண்டிகையோ அந்த வீட்டுப் பெண். நான் மூத்த மருமகள். எட்டு வருடமாக என்னைவிடப் பதினோரு வயது சிறியவள் முன்னால் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருக்கிறேன். ஒரே ஒரு வருடம், என் வீட்டில், என் கையால் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவள் என்றே எழுதுகிறேன். சின்னவள் கெட்டிக்காரி. காலை எட்டு மணிக்கு அலுவலக மீட்டிங்கில் பேசிக்கொண்டே அடைக்கு அரைப்பாள். கல்யாணமாகி வந்தபோது சாதம்கூட வைக்கத் தெரியாது. இப்போது என் மாமியார் செய்த வத்தக்குழம்பை மாமியாரைவிட நன்றாகச் செய்கிறாள். என் கணவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, விமானத்தில் திரும்பி வரும்போது, "அவ எண்ணெய் எப்போ விடறான்னு நீ பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். அது மூன்றாம் வருடம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் எல்லோரும் அவளைச் சுற்றித்தான் இருப்பார்கள். கூந்தல் இடுப்பு வரை. சிரித்தால் வீடு முழுக்கக் கேட்கும். இத்தனைக்கும் அவள் என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

எனக்கென்று இருந்தது படிப்பு. பட்டப்படிப்பைச் சொல்லவில்லை, அது எல்லோரிடமும் இருக்கிறது. புத்தகம் படிப்பது. எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய அமெரிக்க அரசியல் எழுத்துகளைக் கூடிப் படிக்கிறார்கள். ஒன்பது பத்துப் பேர் வருவோம்; நான் ஒருத்திதான் தமிழ். போன ஆகஸ்டில் ஒரு கட்டுரையைப் படித்தோம். இந்த நாடு பிறந்த புதிதில், பதிமூன்று மாநிலங்களும் ஓர் அரசமைப்பின் கீழ் சேர்ந்திருப்பதா, தனித்தனியாகவோ மூன்று நான்கு கூட்டமாகவோ பிரிந்துபோவதா என்று சண்டை நடந்தபோது, பத்திரிகைக்காகப் புனைபெயரில் எழுதியது. நீளமான வாக்கியங்கள். ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வரும் வழி அரைப்பக்கம் தள்ளித்தான் இருக்கும்.

எழுதியவர் சொல்வதை என் சொற்களில் சொன்னால் இவ்வளவுதான். சேர்ந்திருந்தால் சுதந்திரம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பிரிந்து போனால்தான் அது போகும். பிரிந்துபோன அண்டைவீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் கொஞ்சம் முன்னேறினால் மற்றவனுக்கு வயிறு எரியும். எரிச்சல் சந்தேகமாகும், சந்தேகம் வேலியாகும், வேலிக்குக் காவல் வேண்டும், காவலுக்கு ஆயுதம் வேண்டும், ஆயுதம் வைத்திருப்பவனிடம் சுதந்திரத்தை ஒப்படைக்க வேண்டிவரும். ஆகவே சேர்ந்திருங்கள்.

நூலகத்தில் எல்லோரும் படைபலம், வரி என்று பேசினார்கள். நான் அந்த வயிற்றெரிச்சல் பத்தியிலேயே நின்றுவிட்டேன். அதை எழுதியவருக்கு ஓரகத்தி யாரும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் எப்படித் தெரிந்திருக்கிறது!

அடுத்த கூட்டத்தில் இதன் தொடர்ச்சியாக ஒரு பழைய தகராறைப் பற்றிப் பேசினோம். சேர்ந்த பிறகு யாருக்கு எத்தனை ஓட்டு? மாநிலத்துக்கு ஒன்றா, ஜனத்தொகைப்படியா? பெரிய மாநிலங்கள் தலையை எண்ணச் சொன்னன. சின்ன மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாநிலத்துக்கு ஒரு ஓட்டுதான் என்று முன்னால் நின்றது எங்கள் நியூஜெர்சி. கடைசியில் இரண்டு சபை வைத்து, ஒன்றில் தலைக்கணக்கும் மற்றதில் மாநிலக்கணக்குமாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு உற்சாகம். கேட்கக் கூசிய ஆசைக்கு ஒரு கொள்கை கிடைத்துவிட்டது.

கட்டுரையைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். கீழே தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன்: நாமும் மூன்று மாநிலங்கள்; ஒரே மாநிலத்தில் எல்லாம் நடந்தால் அது யூனியன் ஆகாது; வீட்டுக்கு ஒரு ஓட்டு, வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைக்கலாமே. எழுதி, திருத்தி, மறுபடி எழுதியது. இரண்டு கொழுந்தன்மாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். டெக்ஸாஸ் ஓரகத்தி கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டாள். அவள் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா! சூப்பர்க்கா இது! முழுசாப் படிச்சேன். பெரியவளுக்கு ஸ்கூல்ல இதே எஸ்ஸே போன வருஷம் வந்துச்சாம். ரெண்டு பேரும் உக்காந்து டிஸ்கஸ் பண்ணோம்."

"முழுசாவா? எப்போ?"

"மதியம் லஞ்ச்ல. அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? நாம மொத்தம் எத்தன பேரு?"

நான் எண்ணத் தொடங்குவதற்குள் அவளே எண்ணிவிட்டாள்.

"டெக்ஸாஸ் ஆறு, நாங்க அஞ்சு, நீங்க ரெண்டு. பதிமூணுக்கா! பதிமூணு ஸ்டேட்!" என்று சிரித்தாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

இருபது வருடமாக இந்தக் குடும்பத்தின் தேதிகளை எழுதி வைப்பவள் நான். கட்டுரையை ஒரு மாதத்துக்கு மேல் கையில் வைத்திருந்தவள் நான். பதிமூன்றுக்கும் பதிமூன்றுக்கும் முடிச்சுப் போட்டது அவள், சாப்பாட்டு இடைவேளையில். எனக்கு அது தோன்றியிருந்தால் அந்தக் குறிப்பு எவ்வளவு அழகாக அமைந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

"அப்ப வீட்டுக்கு ஒரு ஓட்டு எதுக்குக்கா? அதான் ஆளுக்கு ஒரு ஸ்டேட் ஆச்சே. ஞாயித்துக்கிழமை கால் போட்டு வோட் எடுத்துடலாம்" என்றாள். கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்காத குரல்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. எங்களுக்கு மதியம், டெக்ஸாஸில் ஒரு மணி நேரம் பின்னால், குபெர்டினோவில் காலைப் பலகாரம். விமான டிக்கெட் எடுக்க வேண்டும், ஆகவே இடத்தை அன்றே முடிவு செய்தாக வேண்டும். திரையில் மூன்று சதுரங்கள். டெக்ஸாஸ் சதுரத்தில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குபெர்டினோவில் ஐந்து. எங்கள் சதுரத்தில் நானும் அவரும், பின்னால் நிறைய சோபா.

நான் தயாராக வந்திருந்தேன். நியூஜெர்சி அன்று என்ன சொன்னது, ஏன் சொன்னது என்று தொடங்கினேன். இரண்டு நிமிடம் பேசியிருப்பேன்.

"அண்ணி, அந்தப் பதிமூணுல டெக்ஸாஸ் இருந்துச்சா?" என்றார் நடுக்கொழுந்தன்.

"இல்ல. கலிபோர்னியாவும் இல்ல. அப்போ நீங்க ரெண்டு பேரும் லிஸ்ட்லயே கிடையாது."

"அப்ப நாங்க தனி நாடு. ரொம்பப் பேசினா பிரிஞ்சு போயிடுவோம், ஆமா."

"போடா, மொதல்ல ஏர்போர்ட்டுக்கு ஒழுங்கா டைமுக்கு வந்து சேரு, அப்புறம் நாடு ஆகலாம்" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். என் நியூஜெர்சி அந்தச் சிரிப்பில் காணாமல் போனது.

"அக்கா சொல்றது கரெக்ட்தான்" என்றாள் சின்னவள். அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். "ஆனா வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னா பசங்களுக்கு ஓட்டே இல்லாமப் போயிடுமே? அந்த எஸ்ஸேயே லிபர்ட்டி பத்திதானே. ஃபேமிலில பாதிப் பேருக்கு மேல பசங்கதான்."

"நாலு வயசுக்கும் ஓட்டா?" என்றேன். டெக்ஸாஸின் கடைக்குட்டி அப்போது காமிராவை நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. எண்ணெய் வைக்கிற தலைக்கெல்லாம் ஓட்டு. சிம்பிள்."

கை தட்டினார்கள். எண்ணெய் என்ற சொல்லை அவள் அத்தனை சுலபமாக எடுத்துப் போட்டுவிட்டாள். நான் விடவில்லை. இரண்டு கணக்கும் வைக்கலாம், தலைக்கணக்கிலும் வீட்டுக்கணக்கிலும் ஜெயித்தால்தான் செல்லும், அந்த நாளில் அவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்றேன்.

"பதிமூணு பேருக்கு ரெண்டு சபையாக்கா? ஒரு குரூப்பே தாங்கல!"

மறுபடி சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். அவர் முழங்காலை மேஜைக்கு அடியில் தட்டினேன். "எதுக்கு இடிக்கிற?" என்று உரக்கக் கேட்டார்.

தலைக்கணக்கு என்று முடிவானது. முடிவானதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்தில் பதினொன்று, ஒரு பக்கத்தில் இரண்டு. நான் மட்டுமில்லை, திரையில் இருந்த பெரியவர்கள் அறுவருமே அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தோம். நாங்கள் வளர்ந்த வீடுகளில் அப்பா கை தூக்கினால் பிள்ளைகள் கையும் தானாக உயரும். ஊருக்குப் போவதா வேண்டாமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்போம்.

"குபெர்டினோ?" என்றாள் சின்னவள். அவளும் அவள் கணவரும் கை தூக்கினார்கள். டெக்ஸாஸ் கொழுந்தனும் ஓரகத்தியும் தூக்கினார்கள். சின்னவளின் இரண்டு பையன்களும் தூக்கினார்கள். அவர்களுக்கு அவர்கள் அறை, அவர்கள் விளையாட்டு.

ஆறு.

டெக்ஸாஸ் பிள்ளைகள் நால்வரும் கையைத் தூக்கவில்லை. அவர்கள் அப்பா திரும்பிப் பார்த்தார். "டேய், கை தூக்குங்கடா."

"வீ டோண்ட் ஹாவ் டு" என்றான் மூத்தவன். "லிபர்ட்டி."

"ஜெர்சி?" என்றாள் சின்னவள். அவள் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

நானும் என் கணவரும் தூக்கினோம். டெக்ஸாஸ் சதுரத்தில் நான்கு கைகள் ஒன்றாக மேலே போயின. கடைக்குட்டி இரண்டு கையையும் தூக்கினாள்; ஒன்றை அவள் அம்மா பிடித்து இறக்கினாள். பிறகு குபெர்டினோ சதுரத்தில், அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பெரியவள், அந்தக் கட்டுரையைப் பள்ளியில் படித்தவள், மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஏய், நீயுமா?" என்றாள் சின்னவள்.

"சாரி அம்மா. ஐ வோட் ஜெர்சி."

ஏழு. ஜெயித்துவிட்டேன்.

சந்தோஷம் அன்று மாலை வரை இருந்தது. பாத்திரம் கழுவும்போது கணக்கு மறுபடி மனதில் ஓடியது. நான் கேட்டபடி வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று வைத்திருந்தால்? குபெர்டினோ ஒன்று, டெக்ஸாஸ் ஒன்று, இரண்டும் அந்தப் பக்கம். ஒன்றுக்கு இரண்டில் தோற்றிருப்பேன். இரண்டு சபை வைத்திருந்தால் வீட்டுக்கணக்குச் சபையில் தோற்றிருப்பேன். நான் எதிர்த்து நின்ற அவளுடைய விதிதான் என்னை ஜெயிக்க வைத்திருக்கிறது.

"என்ன யோசனை? அதான் கிடைச்சிடுச்சே" என்றார் என் கணவர்.

"அவ குடுத்தா மாதிரி ஆயிடுச்சு."

"யார் குடுத்தா என்ன? உனக்கு அவ தோத்தாப் போதாது, அவ தப்பாவும் இருக்கணும்." சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். முப்பது வருடத்தில் அவர் இத்தனை சரியாகப் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு. தேதி குறித்து வைத்தேன்.

பிள்ளைகள் ஏன் எனக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. டெக்ஸாஸ் பிள்ளைகள் இருக்கும் ஊரில் எங்கு போனாலும் கார்தான். எங்கள் வீட்டருகே ஏறும் ரயில் ஆற்றுக்கு அடியில் போய் மன்ஹாட்டனில் எழும்பும் என்று பெரியவள் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கே மன்ஹாட்டன் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஐந்து பேரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் திரை முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியம்மா என்ற சொல் அந்தப் பேச்சில் வந்ததாகத் தெரியவில்லை. தினமும் நான் நின்றுகொண்டே அலுவலகம் போகும் ரயில் அது. மறுநாள் காலை அதில் ஏறும்போது அதன் மேலேகூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

வந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. விளம்பரத்தில் போடுவதுபோலச் சொன்னால் ஒன்றரைக் குளியலறை, அதாவது குளிக்கும் வசதி ஒன்றில்தான். காற்றடைத்த மெத்தைகளை விரித்த பிறகு கூடத்தில் தரை தெரியவில்லை. வியாழன் மதியம் எல்லோரையும் ரயிலில் அழைத்துப் போனார் என் கணவர். திரும்பி வந்து மூன்று மணி நேரம் ரயிலைப் பற்றியே பேசினார்கள். அதற்குள் சின்னவள் என் சமையலறையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். கரண்டி எங்கே என்று டெக்ஸாஸ் ஓரகத்தி கேட்டது அவளிடம். "ரெண்டாவது டிராயர்ல" என்று அவள் சொன்னதும் சரிதான்.

வெள்ளிக்கிழமை காலை நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். பலகைக்குக் கீழே கோலம் போட்டேன். எண்ணெயில் மிளகு வெடித்து அடங்கியதும் இறக்கி, வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினேன். அந்தக் கிண்ணம் என் கல்யாணத்துக்கு வந்தது; ஜெர்சியில் அது வரை பஞ்சு வைத்திருந்தேன். பட்டுப்புடவை. என் வீடு. என் கிழக்கு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கட்டிடத்தின் செங்கல் சுவர், ஆனாலும் கிழக்கு.

சின்னவள் குளியலறைக்கு வரிசை ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். "சின்னப் பசங்க மொதல்ல. ஆளுக்குப் பத்து நிமிஷம். சுடுதண்ணி தீர்ந்தா நான் பொறுப்பில்ல." டெக்ஸாஸின் கடைக்குட்டி ஓடி வந்து பலகையில் உட்கார்ந்தாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். குழந்தை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். எழுந்தாள். சின்னவளிடம் போய் அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நோ. சித்தி டஸ் இட்."

அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் தலையில் எண்ணெய் வைத்த கை ஒன்றே ஒன்றுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கிண்ணத்தோடு நின்றேன். எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சின்னவள் கையை நீட்டி, "குடுங்கக்கா, நான் வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால், கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிப் போயிருப்பேன்.

அவள் குழந்தையைத் தூக்கி டெக்ஸாஸ் ஓரகத்தியிடம் கொடுத்தாள். கூந்தலை அவிழ்த்துக்கொண்டே வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்கு வைங்கக்கா."

"வரிசை போட்டவளே வரிசைய ஒடைக்கிறா பாரு" என்றார் அவள் கணவர்.

"எட்டு வருஷமா எல்லாருக்கும் நான் வச்சேன். எனக்கு யாரு வச்சீங்க?"

நான் என் காலண்டர்களை மனதில் புரட்டினேன். யாருக்கு எத்தனை மணிக்குக் குளியல் என்பதுகூட அவற்றில் இருக்கும். இது இல்லை.

"எல்லாரும் குளிச்சு முடிச்சதும் பாத்ரூம்ல கண்ணாடி பாத்து நானே வச்சுக்குவேன்" என்றாள், குறையாகச் சொல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல. "வைங்கக்கா, ஆறிடும்."

வைத்தேன். மூன்று முறை உச்சியில் வைத்து, அழுத்தித் தேய்த்தேன். அத்தனை கூந்தலையும் கையில் எடுத்தது அதுவே முதல் முறை. அதன் கனத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமை போகவில்லை. ஆனால் வகிட்டின் இரண்டு பக்கமும் சாயம் விட்டுப்போய் வெள்ளை தெரிந்தது, அதை மேலிருந்து பார்ப்பவள் மட்டும்தான் பார்க்க முடியும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வாய் மூடி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் கண்டேன். கடைக்குட்டி அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, சித்தி எழுந்ததும் தானே வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். பிள்ளைகள், கொழுந்தன்மார், ஓரகத்தி, என் கணவர். அவர் தலையில் தேய்க்க அதிகம் இல்லை. பன்னிரண்டு தலைகள். கை வலித்தது. வலிக்க வலிக்க இன்னும் நாலு பேர் வந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. முடிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பலகையை எடுத்து நிறுத்தப்போனேன். எல்லோரும் புதுத்துணிக்கும் பலகாரத்துக்கும் போய்விட்டிருந்தார்கள். கண்ணாடி பார்த்து நானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். எனக்கு அப்போதுதான் புரிந்தது என்று எழுதினால் பொய். சின்னவள் சொன்னபோதே புரிந்துவிட்டது. இப்போது உச்சந்தலை காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணி தலை காய்ஞ்சிருக்கு!" என்று கத்தினார் நடுக்கொழுந்தன், வாயில் அதிரசத்தோடு. "எண்ணெய் வைக்கிற தலைக்குத்தானே ஓட்டு? அப்ப அண்ணி ஓட்டு செல்லாது! ஆறுக்கு ஆறு! தேர்தல் கேன்சல்!"

"கேன்சலா? அதெப்படி?" குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு ஓடி வந்தாள் சின்னவள். என் தோளைப் பிடித்துப் பலகையில் உட்கார வைத்தாள். "புடவைல எண்ணெய் பட்டா என்னத் திட்டாதீங்க."

ஒன்பதாவது வருடமாக அவள் முன்னால் தலை குனிந்தேன், என் வீட்டில். கையில் நல்ல அழுத்தம். கட்டைவிரல் எங்கே அமர வேண்டுமோ அங்கே அமர்ந்தது. நான் பன்னிரண்டு பேருக்கும் வைத்ததைவிட நன்றாக வைத்தாள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய் நெற்றியில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள் என் தலைக்கு மேலே. "அடுத்த வருஷம் டெக்ஸாஸ். அதுக்கு அப்புறம் எங்க வீடு. அப்புறம் திரும்ப இங்க. வருஷத்துக்கு ஒரு வீடு. இதுதான் ஃபேர். வோட்டெல்லாம் வேணாம்."

"சூப்பர் ஐடியா!" என்றார் நடுக்கொழுந்தன். டெக்ஸாஸ் ஓரகத்தி கை தட்டினாள். பிள்ளைகள் தட்டினார்கள். என் கணவர் தட்டும் ஓசையும் கேட்டது; முப்பது வருடமாகத் தெரிந்த ஓசை.

அது செப்டம்பரில் நான் குரூப்பில் எழுதியது. சொல்லுக்குச் சொல் நான் எழுதியது. அப்போது விழுந்தது இரண்டு கட்டைவிரலும் ஒரு கைகூப்பும். சொல்ல வாயெடுத்தேன். எண்ணெய் உதட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

"பேசாதீங்கக்கா, வாய்க்குள்ள போயிடும்" என்றாள் சின்னவள். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் கொஞ்சம் முன்னால் குனிய வைத்தாள்.